மதகுக்காரர் கையில் இருக்கும் சாவி: ஊழல் எப்படி வேலை செய்கிறது?

டீக்கடையில் ஊழல் பற்றிப் பேச்சு எழுந்தால் அது இரண்டு இடங்களில் ஒன்றில்தான் போய் நிற்கும். "எல்லாரும் திருட்டுப் பயலுவ" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுவார். "நாம குடுக்கிறோம், அவன் வாங்குறான்" என்று இன்னொருவர் டம்ளரைக் கீழே வைப்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நான் பார்த்த ஒன்றுக்கு இரண்டுமே விடை சொல்வதில்லை. ஓர் அலுவலகத்தில் ஒருவர் ஒரு மேசையில் இருந்தவரை கை நீட்டினார். ஆறு மாதம் கழித்து வேறு மேசைக்கு மாற்றினார்கள், அங்கே நீட்டவில்லை. ஆள் அதே ஆள்தான். மேசைதான் வேறு.

அந்த மேசையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு மேசையைவிட மதகு நெருக்கம் என்பதால் அங்கிருந்து தொடங்கலாம்.

மதகும் சாவியும்

ஒரு கிளை வாய்க்காலின் தலைப்பில் ஒரு மதகு. ஷட்டரைத் திருகி ஏற்றவும் இறக்கவும் ஒரு சாவி. அது லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் பொதுப்பணித் துறை ஊழியர், கையில் இருக்கிறது. ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடும் ஆடி மாதத்தில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கி, முறைப்பாசனம் என்று அறிவித்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஆறு நாள் இந்த ஆற்றில், அடுத்த ஆறு நாள் அந்த ஆற்றில். இப்போது சாவிக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. இரும்பு அதேதான், லஸ்கரும் அவரேதான். தண்ணீர் மட்டும் குறைந்திருக்கிறது.

பற்றாக்குறை வந்த இடத்தில் எல்லாம் லஞ்சம் வந்துவிடுமா என்றால், இல்லை. இன்னும் மூன்று விஷயங்கள் கூடவேண்டும். முதலாவது, அந்தத் தண்ணீருக்கு அந்த மதகைத் தவிர வேறு வழி இருக்கக்கூடாது. இதற்கு ஏகபோகம் என்று பெயர். இரண்டாவது, எத்தனை திருகு திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். விதி இருந்தாலும் அதை வளைக்க இடம் இருக்கவேண்டும். இதைத் தன்விருப்ப அதிகாரம் என்பார்கள். மூன்றாவது, நேற்று ஏன் இரண்டு திருகு மட்டும் திறந்தாய் என்று கேட்க ஆள் இருக்கக்கூடாது. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலைக்குப் பொறுப்புக்கூறல் என்று பெயர். அது இல்லாமல் போகவேண்டும்.

ராபர்ட் கிளிட்கார்ட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1980-களில் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். ஏகபோகத்தோடு தன்விருப்ப அதிகாரத்தைக் கூட்டு, பொறுப்புக்கூறலைக் கழி. மிச்சம் இருப்பது ஊழல். கணக்குப் போட்டு விடை காணும் சூத்திரம் இல்லை இது. எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டும் ஒரு விரல், அவ்வளவுதான்.

வளரும் நாடுகளில் ஊழல் ஏன் அதிகம் என்ற கேள்விக்கும் பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடும். அங்கே எல்லாமே பற்றாக்குறை. இலவச விவசாய மின் இணைப்புக்கு எழுதிப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். மருத்துவமனைப் படுக்கை, கடன், நல்ல பள்ளியில் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒரு மதகு.

லஸ்கர்களைத் திருடர்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுராத்திரி மழையில் டார்ச்சோடு போய் ஷட்டரை இறக்கி ஊரைக் காப்பாற்றியவர்களை எனக்குத் தெரியும். நேர்மையாக இருப்பதற்கு ஒருவருக்கு எவ்வளவு சிரமம் வைத்திருக்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி.

லஞ்சம் என்பது ஊழலில் ஒரு கிளை

இரண்டு சொற்களையும் ஒன்றாகவே புழங்குகிறோம். ஊழல் என்பது பெரிய சொல். பிறருக்காக ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைத் தன் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். செய்யவேண்டிய வேலையைச் செய்யவோ, செய்யக்கூடாததைச் செய்யவோ கைமாறும் பணம் லஞ்சம். அதைத் தவிரக் கையாடல் இருக்கிறது, ஒப்பந்தத்தில் கமிஷன் இருக்கிறது, மைத்துனருக்கு வேலை போட்டுக் கொடுப்பதும் இருக்கிறது. இதில் மாமூல் ஒரு தனி ரகம். ஒவ்வொரு முறையும் பேரம் பேசவேண்டிய அவசியம் இல்லாமல், விலை ஊரறிய நிலைத்துப்போன லஞ்சம் அது. வழக்கம் என்று பொருள்படும் சொல்லே லஞ்சத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது நம் ஊர் வேடிக்கை.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் என்று சொல்பவர்களுக்கு ஒரு கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறை குடவோலை. அதற்குப் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் யார் யார் என்று அது அடுக்குகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர்களும் அவர்களுடைய உறவினர்களும் அதில் வருகிறார்கள். கையூட்டு என்ற சொல்லும் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கணக்குக் காட்டாதவனின் உறவினனையும் சேர்த்து ஒதுக்கியதைப் பாருங்கள். திருட்டு நிரூபணமாகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, கணக்கு வராததே போதுமானதாக இருந்திருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் ஒரு மாலை

இனி நிஜமான ஒரு மதகுக்குப் போவோம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெல்டா முழுக்க நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைத் திறக்கிறது. 2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். நாற்பது கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சாதா ரகத்தில் சரியாக ஆயிரம் ரூபாய். பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறிவிடும். காகிதத்தில் பார்த்தால் லஞ்சத்துக்கு இடமே இல்லாத ஏற்பாடு.

சில வருஷங்களுக்கு முன் அப்பாவோடு ஒரு நிலையத்தில் நான்கு நாள் கிடந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அறுவடை இயந்திரம் காலையில் இறங்கி மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். நெல் டிராக்டரில் வந்து களத்தில் குவியும். முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, கட்டி, அடித்து முடிக்க ஒரு வாரம் ஆகும், நெல்லும் அதற்குள் ஓரளவு காய்ந்திருக்கும். இப்போது ஊர் முழுக்க ஒரே வாரத்தில் ஈர நெல்லோடு வந்து வரிசையில் நிற்கிறது. எங்கள் குவியலுக்கு முன்னால் பதினெட்டுக் குவியல்கள். மேற்கே கருக்கல் கட்டியது. தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து மூடினோம்.

நான்காம் நாள் ஈரப்பதம் பார்க்க வந்தார்கள். 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கையடக்கக் கருவி எண் காட்டும், அதில் ஏமாற்ற முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நெல்லை எங்கிருந்து அள்ளுவது என்று கருவி சொல்லாது. குவியலின் மேல் வெயில் பட்ட இடத்தில் கைவிட்டால் ஒரு எண் வரும். முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளினால் வேறு எண். எங்கள் நெல்லுக்கு முதலில் முழங்கை வரை விட்டார். 19 வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, "அய்யா, மத்தவங்க எல்லாம் பேசிட்டாங்க, நீங்கதான் பாக்கி" என்றார். பேசினோம். சாயங்காலம் அதே குவியலில் மேலாப்பில் அள்ளினார்கள். 16.8 வந்தது.

தன்விருப்ப அதிகாரம் என்ற அந்தப் பெரிய சொல்லுக்கு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் உள்ள தூரம் என்று அன்றைக்கு எனக்குப் பொருள் புரிந்தது.

மற்ற இரண்டும் அங்கே இருந்தனவா? தனியார் வியாபாரி களத்தைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தார். அவருடைய விலை மூட்டைக்கு நூற்றுச் சொச்சம் குறைவு. ஆகவே அரசு விலை என்ற தண்ணீருக்கு அது ஒன்றுதான் மதகு. புகார் சொல்லலாம்தான், தொலைபேசி எண்ணும் பலகையில் எழுதியிருந்தது. புகார் விசாரணைக்கு வருவதற்குள் மழை வந்துவிட்டால்? ஈரத்தில் நெல் முளைவிட இரண்டு மூன்று நாள் போதும். மேகத்தை வைத்துத்தான் பேரம் நடக்கிறது.

சரி, வாங்குபவர் பக்கமும் போய் நிற்போம். அந்த நிலையங்களில் இருக்கும் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் எல்லாரும் பெரும்பாலும் பருவகாலப் பணியாளர்கள். சம்பளம் சொற்பம். வாங்கிய நெல்லை லாரி வந்து ஏற்றும்வரை திறந்தவெளியில் அடுக்கி வைக்கவேண்டும். நாள் போகப்போக நெல் காய்ந்து எடை குறையும். குறைந்த எடைக்குத் தங்களிடம் பிடித்தம் செய்கிறார்கள் என்பது ஊழியர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. லாரி சீக்கிரம் வரவேண்டுமானால் அங்கேயும் ஒரு மாமூல் என்கிறார்கள். சுமைதூக்குபவர்களும் தங்களுக்குக் கிடைக்கும் கூலி கட்டாது என்று கேட்கிறார்கள். ஆக, மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கும் பணம் ஒரே பையில் தங்குவதில்லை. பாதி பிழைப்புக்கு, பாதி பிடித்தத்துக்கு, மீதி மேலே. அரசு கொடுக்காமல் விட்ட செலவை விவசாயியிடம் வசூல் செய்துகொள்ளும் ஒரு நிழல் வரியாக அது மாறிவிடுகிறது. இதைச் சொல்வதால் அது நியாயமாகிவிடாது. எங்கள் அப்பாவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தை நான் பார்த்தேன். ஆனால் அந்த எழுத்தரை மாற்றிவிட்டு இந்த ஏற்பாட்டை அப்படியே விட்டால், புதிதாக வருபவருக்கும் அதே லாரி, அதே பிடித்தம்.

குத்தகைக்காரர்களின் பாடு இன்னும் மோசம். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். பட்டா ஒருவர் பேரில், பயிர் செய்வது இன்னொருவர். நிலம் யாருடையது, பயிர் என்ன என்று காட்டும் சிட்டா, அடங்கல் கேட்கும்போது இவருக்குச் சான்று வாங்க இன்னொரு மதகு கூடிவிடுகிறது.

இதுவரை வந்ததைக் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்போம். பற்றாக்குறை விலையை உண்டாக்குகிறது. ஏகபோகமும் தன்விருப்ப அதிகாரமும் அந்த விலையை ஒருவர் கையில் கொடுக்கின்றன. கேட்க ஆளில்லாதது அதை வழக்கமாக்குகிறது.

சத்தம் போடும் ஊழல், சத்தமே இல்லாத ஊழல்

கொள்முதல் நிலையத்தில் நடந்ததற்குப் பறிப்பு ஊழல் என்று பெயர் வைக்கலாம். எனக்கு உரிமையானதைக் கொடுக்க என்னிடமே காசு கேட்கிறார்கள். எனக்கு வலிக்கிறது, அதனால் கத்துகிறேன். செய்தித்தாளில் வருவதும், டீக்கடையில் பேசப்படுவதும் பெரும்பாலும் இந்த ரகம்.

இன்னொரு ரகம் இருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து, அங்கே இல்லாத மூன்றாவது ஆளிடமிருந்து எடுப்பது. அந்த மூன்றாவது ஆள் அரசுக் கஜானா, அதாவது நாம் எல்லாரும். இதைக் கூட்டு ஊழல் என்போம். இதில் இரண்டு பேருக்கும் லாபம், அதனால் புகார் கொடுக்க யாருமே இல்லை.

தூர்வாருவதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பு. அதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் ஆறுகளும் வாய்க்கால்களும் வடிகால்களும் தூர்வாரப்படவேண்டும். வேலைக்குக் கூலி கன மீட்டர் கணக்கில். ஒரு கணக்குக்காக, இரண்டு கிலோமீட்டர் நீள வாய்க்கால், நான்கு மீட்டர் அகலம், அரை மீட்டர் வண்டல் எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4,000 கன மீட்டர் மண். பொக்லைன் முப்பது சென்டிமீட்டரோடு நிறுத்திவிட்டு ஏறிவிட்டால் எடுத்தது 2,400. அளவுப் புத்தகத்தில், பொறியாளர்கள் பேச்சில் எம்-புக், 4,000 என்று எழுதினால் போதும். 1,600 கன மீட்டர் மண் காகிதத்தில் மட்டும் வெட்டப்படுகிறது.

இதில் அழகு என்னவென்றால், அதாவது திருடுபவர் பார்வையில் அழகு, தண்ணீர் வந்ததும் சாட்சி மறைந்துவிடும். ஒரு பாலம் இடிந்தால் இடிந்து கிடப்பதை எல்லாரும் பார்க்கலாம். செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு ஓடும் வாய்க்காலின் அடியில் எத்தனை சென்டிமீட்டர் விட்டுப்போயிற்று என்று யார் பார்ப்பது? ஊரும் சந்தோஷமாகத் தண்ணீரைப் பார்த்து மலர் தூவிக்கொண்டிருக்கும். தூர்வாரும் எல்லா வேலையும் இப்படி என்று சொல்லவரவில்லை, ஒழுங்காக நடந்த வேலைகளையும் பார்த்திருக்கிறேன். ஏமாற்ற நினைப்பவருக்கு இது எவ்வளவு வசதியான இடம் என்பதைத்தான் சொல்கிறேன். ஆற்று மணலும் அப்படியே. அனுமதித்த ஆழம் ஒன்று, அள்ளிய ஆழம் ஒன்று. ஆற்றின் தரை தாழ்ந்துபோனால் பக்கத்து வாய்க்காலின் தலைப்பு மதகு உயரத்தில் தொங்கும், ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் உள்ளே ஏறாது.

லஞ்ச ஒழிப்புத் துறை பொறிவைத்துப் பிடிப்பதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். நோட்டில் பினாப்தலின் பொடி தடவிக் கொடுப்பார்கள், வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். அந்தப் பொறிக்கு ஒரு புகார்தாரர் தேவை. அதனால் அதில் சிக்குவது பறிப்பு ஊழல்தான். மூவாயிரம் வாங்கிய எழுத்தர் கை சிவந்து படத்தில் நிற்பார். கூட்டு ஊழலில் கையைச் சிவக்கவைக்க யாரும் முன்வரமாட்டார்கள்.

பதவிக்கும் ஒரு விலை

1970-களின் கடைசியில் ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் தென்னிந்திய மாநிலம் ஒன்றில் வாய்க்கால் பாசனத்தைப் படிக்க வந்தார். தண்ணீர் ஏன் கடைசி வயலுக்குப் போய்ச் சேரவில்லை என்று பார்க்கப் போனவர், பொறியாளர்களின் இடமாறுதலில் போய் நின்றார். 1982-இல் அவர் எழுதியதன் சாரம் இது: வருமானம் வரும் இடங்களுக்கு மாறுதல் வாங்கப் பணம் கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்த பணத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஒப்பந்தக்காரர்களிடமும் விவசாயிகளிடமும் எடுக்கவேண்டியிருந்தது. பணம் மேலே போனது, மேலே போனது தேர்தல் செலவு வரைக்கும் போனது.

இதைப் படித்தபோதுதான் "மேல குடுக்கணும்" என்ற நம் ஊர் வாக்கியத்தை நான் முதன்முதலாகப் பொய்ச்சாக்கு என்று தள்ளாமல் யோசித்தேன். சில நேரம் அது உண்மையாகவே ஒரு கடன் தவணை. கடன் வாங்கிப் பதவிக்கு வந்தவரிடம் நேர்மையாக இரு என்று சொல்வது, வட்டிக்காரரை வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்வது மாதிரி.

அந்தச் சங்கிலியின் மேல்நுனி தேர்தல். 2016-இல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டு சட்டமன்றத் தொகுதிகளிலும் வாக்காளர்களுக்குப் பணம் விநியோகித்ததால் தேர்தல் ஆணையம் மே மாதத் தேர்தலை ரத்து செய்தது. நவம்பர் 19-இல்தான் மறுபடி நடந்தது. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவு செய்ய 2022 முதல் உள்ள உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். ஓட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கினால் அந்த வரம்பு ஒரு காலைக்குக் காணாது. வாங்கிய ஓட்டுக்குப் போட்ட முதல் எங்கேயாவது திரும்பி வரவேண்டுமே. வாக்குக்குக் காசு வாங்கியவர்களைத் திட்டுவது சுலபம். அரசியலிலிருந்து தனக்கு நிச்சயமாகக் கையில் கிடைக்கும் ஒரே தொகை அதுதான் என்று ஒரு கூலித்தொழிலாளி நினைக்கும்படி ஆகியிருக்கிறது என்பதும் இந்தக் கதையில் அடக்கம்.

விளைவு கடைமடையில் தெரியும்

தலைமடையில் நிற்பவருக்கு எப்படியும் தண்ணீர் கிடைத்துவிடும். வழியில் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் போனால், இல்லாமல் போவது கடைசி வயலுக்கு. வேதாரண்யம், பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்காரர்களிடம் கேட்டால், ஆற்றில் தண்ணீர் விட்ட செய்தியை டிவியில்தான் முதலில் பார்ப்போம் என்பார்கள். அரசுப் பணமும் அதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. தில்லியிலிருந்து ஒரு ரூபாய் புறப்பட்டால் 15 பைசாதான் மக்களைச் சேர்கிறது என்று ராஜீவ் காந்தி 1985-இல் சொன்னது இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது. மீதி 85 பைசாவும் திருட்டு என்று அதைப் புரிந்துகொள்ள வேண்டாம், நிர்வாகச் செலவும் வீணும் அதில் சேர்த்தி.

கொஞ்சம் கணக்கு. ஒரு ஏக்கரில் அறுபது சிப்பம், சிப்பத்துக்கு 40 ரூபாய் லஞ்சம் என்று வைத்தால் 2,400 ரூபாய். 60,000 ரூபாய் வரவில் இது 4 சதவீதம், பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் லஞ்சம் வரவிலிருந்து போவதில்லை, உழவு, நாற்று, உரம், அறுப்புக் கூலி எல்லாம் போக நிற்பதிலிருந்து போகிறது. நிற்பது 12,000 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், சாகுபடி செய்பவருக்கும் மூன்று வேலி, அதாவது ஏறக்குறைய இருபது ஏக்கர், சாகுபடி செய்பவருக்கும் மூட்டைக்கு அதே விலைதான். ஆனால் மூன்று வேலிக்காரருக்கு ஆள் தெரியும், அவர் ஒரு போன் போடுவார். இரண்டு மூட்டை வித்தியாசத்தில் கடன் கட்டுபவர் வரிசையில் நிற்பார்.

லஞ்சம் வண்டிக்கு மசகு மாதிரி, கொடுத்தால் வேலை வேகமாக நடக்கிறது, அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று வாதிடுபவர்கள் உண்டு. படித்தவர்களே சொல்கிறார்கள். ஒரு நாள், ஒரு ஆளுக்கு அது உண்மை. எனக்கும் அந்தச் சாயங்காலம் வேலை முடிந்தது. ஆனால் வேகத்துக்குக் காசு கிடைக்கும் என்று தெரிந்தபின் மேசைக்காரர் என்ன செய்வார்? காசு வராத கோப்பை மெதுவாக்குவார். தாமதமே விற்பனைச் சரக்காகிவிடும். 1962-இல் மத்திய அரசு அமைத்த கே. சந்தானம் குழு இந்த வேகப்பணப் பழக்கத்தை அப்போதே கவனித்து எழுதியது. அந்தக் குழுவின் பரிந்துரையால்தான் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. தமிழ்நாட்டின் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் அதே வயதுதான்.

கூட்டு ஊழலின் விளைவு வேறு மாதிரி. அது எந்த வேலையைச் செய்வது என்பதையே மாற்றிவிடும். மதகுக்கு எண்ணெய் போடுவதிலும் ஷட்டருக்குப் பல் மாற்றுவதிலும் கமிஷன் அடிக்க முடியாது. புதிதாகக் கான்கிரீட் போடுவதில் முடியும். அதனால் பராமரிப்பு காய்கிறது, கட்டுமானம் செழிக்கிறது. நன்றாக இருந்த படித்துறையை இடித்துவிட்டு அதே இடத்தில் படித்துறை கட்டுவதைப் பார்த்தால் காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம்.

பன்னாட்டு வெளிப்படைத்தன்மை அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழல் குறைவான நாட்டிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்தும் அதில் 2024-இல் இந்தியாவுக்கு நூற்றுக்கு 38, இடம் 96. அது நிபுணர்களும் தொழில்துறையினரும் என்ன நினைக்கிறார்கள் என்பதன் அளவீடு. எவ்வளவு பணம் கைமாறியது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஓர் இடம் ஏறினோம், இரண்டு இடம் இறங்கினோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சம்பளம், கணினி, நூல்

தீர்வு என்றதும் முதலில் வருவது சம்பளம். வயிறு நிறைந்தால் கை நீட்டமாட்டார்கள் என்பது. கானா நாட்டில் 2010-இல் காவலர்களுக்குச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கினார்கள். நெடுஞ்சாலையில் லாரிகளிடம் வாங்கும் லஞ்சத்தை ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். குறையவில்லை, கூடியது. கேட்க ஆளில்லாத இடத்தில் சம்பளத்தை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும். அதற்காகப் பருவகாலப் பணியாளருக்குச் சொற்பக் கூலி கொடுத்துக்கொண்டே நேர்மையை எதிர்பார்க்கலாம் என்று ஆகிவிடாது.

அடுத்தது கணினி. இது நிஜமாகவே வேலை செய்கிறது, ஆனால் ஓரிடம் வரைக்கும்தான். பட்டா மாற்றத்தைப் பாருங்கள். முழுப் புலமும் அப்படியே கைமாறினால் இணையத்தில் வேலை நடந்துவிடுகிறது, யாரையும் பார்க்கவேண்டியதில்லை. உட்பிரிவு செய்யவேண்டும் என்றால் நில அளவையர் வந்து சங்கிலி பிடிக்கவேண்டும். எப்போது வருவார் என்பது அவர் கையில். லஞ்சம் எந்த இடத்தில் போய் ஒதுங்கியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கணினி அடைக்கும் வாய் அடைபட்டால், மனிதக் கை தேவைப்படும் அடுத்த வாயில் தண்ணீர் தேங்கும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள். இப்போது கொடுப்பதும் நேரடியாகவே குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். ஈர நெல்லோடு நிற்பவருக்கு ஏழு நாள் என்பது எவ்வளவு குறைவு என்று அந்தப் பிரிவை எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

பொறியில் சிக்காத கூட்டு ஊழலுக்கு வழி அளந்து பார்ப்பதுதான். இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் 600-க்கும் மேற்பட்ட கிராமச் சாலை வேலைகளில் ஒரு சோதனை செய்தார். சில ஊர்களில், உங்கள் வேலைக்கு நிச்சயம் அரசுத் தணிக்கை உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு எல்லா ஊரிலும் பொறியாளர்களை விட்டுப் போட்ட சாலையில் குழி தோண்டி, எவ்வளவு கல், எவ்வளவு மணல் என்று அளந்தார்கள். தணிக்கை உண்டு என்று சொன்ன ஊர்களில் காணாமல்போன செலவு 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கிராமக் கூட்டத்துக்கு ஆட்களைக் கூடுதலாக அழைத்ததில் பொதுவாகப் பெரிய பலன் இல்லை. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு: தணிக்கை வந்த ஊர்களில் அதிகாரிகளின் உறவினர்களுக்கு அந்த வேலையில் கூலி கிடைப்பது அதிகமாகிவிட்டதாம். உத்திரமேரூர்க்காரர்கள் உறவினரையும் சேர்த்து ஏன் ஒதுக்கினார்கள் என்பது அப்போது புரிந்தது.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு வருஷம் மார்ச் மாதத்திலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, எங்கள் வாய்க்கால் தூர்வாரும் மதிப்பீட்டின் நகலை வாங்கிவைத்தார். பொக்லைன் இறங்குவதற்கு முந்தின நாள் மதகுச் சுவரின் விளிம்பிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுத் தரை வரை அளந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து அடி என்று குறித்துக்கொண்டார். பொக்லைன் போனபின் மறுபடி நூலோடு வந்தார். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி சிரித்தார்.

"என்னங்க சார், கிணத்தாழம் பாக்குறீங்களா?"

"இல்ல தம்பி. எஸ்டிமேட்ல ஒன்றரை அடின்னு இருக்கு. எனக்கு ஒண்ணுதான் வருது. நான் தப்பா அளக்குறேனோ என்னவோ, நீங்க ஒரு தரம் பிடிங்க."

மறுநாள் காலை பொக்லைன் திரும்ப வந்து அந்த மதகிலிருந்து சாலைப் பாலம் வரைக்கும் இன்னும் அரை அடி எடுத்துப்போட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நூல் பிடிக்க ஆள் இல்லை. அங்கே வாய்க்கால் முந்தின வருஷம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.